முதலாம் சூசையப்பரின் பாவசங்கீர்த்தனம்

திங்கட்கிழமை காலையில் பாப்பரசரின் அங்கியைத் துவைப்பது லூயிசாவின் வேலை. வேறு யாரும் அதைத் தொடுவதில்லை. தொட ஆளும் இல்லை. வெள்ளை அங்கி, கழுத்திலிருந்து கணுக்கால் வரை பொத்தான். காலர் அழுக்கைத் தனியாகத் தேய்த்து, அலசி, சொட்டு நீலம் விட்ட வாளியில் ஒரு முக்கு முக்கி எடுத்து, தங்கவயல் மைசூர் மைன்ஸ் லைன் வீட்டின் பின்பக்கக் கொடியில் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். நேராகத் தொங்கவிட்டால் தோளில் கிளிப் தடம் விழும். பழைய முறைப் பூசையில் சாமியார் பீடத்தைப் பார்த்துத்தான் நிற்பார். ஜனங்களுக்குத் தெரிவது முதுகு மட்டும். ஆகவே முதுகுப்பக்கம் ஒரு தடமும் கூடாது என்பது அவர் கட்டளை.

"இன்னா லூயிசாக்கா, இந்த வாரம் நீலம் தூக்கலா கீது?" என்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து சுமா கேட்டாள்.

"மாதா கலர்ல இருக்கட்டும் விடு. அவனுக்கு இன்னா தெரியும்."

'அவன்' என்று லூயிசா சொன்னது உலகம் முழுவதற்குமான கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவரை. பெயர் முதலாம் சூசையப்பர். மூன்று வருஷத்துக்கு முன்பு வரை ஃபாதர் ஜெயகரன். அதற்கும் முன்னால், லூயிசா இடுப்பில் தூக்கிக்கொண்டு அலைந்த காலத்தில், ஜெயா.

அவர்கள் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஒரு முறை கீழே பாறை சரிந்து, கூட நின்றவர்களெல்லாம் அடிபட, அவர் மட்டும் தலை நிறையத் தூசியோடு சுரங்க லிஃப்டான கேஜில் ஏறி மேலே வந்தார். அன்றைக்கே அம்மா, பிள்ளைகளில் ஒன்றைக் கோயிலுக்குக் கொடுப்பதாக நேர்ந்துகொண்டாள். மூத்தவள் லூயிசாவைக் கன்னியர் மடத்துக்கு அனுப்பத் தகரப் பெட்டி கூட வாங்கியாயிற்று. "அங்க விடியறதுக்கு முன்ன எழுப்புவாங்களாமே, நான் போமாட்டேன்" என்று லூயிசா சொல்லிவிட்டாள். வாங்கின பெட்டி வீணாகக் கூடாதே என்று ஜெயகரனைக் குருமடத்துக்கு அனுப்பினார்கள்.

குருமடத்தில் மற்றவர்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்க, ஜெயகரன் நூலகத்தில் தூசி தட்டி லத்தீன் படித்தான். அப்போதே அங்கே யாரும் லத்தீனில் பூசை வைப்பதில்லை. அதனாலேயே அவனுக்கு அந்தப் பாஷையைப் பிடித்துப் போனது. யாருக்கும் தெரியாத பாஷையில் யாரும் குறுக்கே பேச முடியாது.

குருப்பட்டம் வாங்கியதும் தங்கவயலுக்குப் பக்கத்திலேயே ஒரு பங்குக் கோயில் பொறுப்பு கிடைத்தது. அந்தப் பங்கில் இருந்தது ஒரே ஒரு சண்டை: ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிப் பூசை தமிழுக்கா, கன்னடத்துக்கா? ஏழு மணிதான் தோதான நேரம். அதற்கு முன்னால் குளிர். அதற்குப் பிறகு கறிக்கடையில் கூட்டம் சேர்ந்துவிடும். இரண்டு கட்சியும் அவரை ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். அவர் ஒரு ஞாயிறு ஏழு மணிப் பூசையை முழுக்க லத்தீனில் வைத்தார்.

"இப்ப ரெண்டு பேருக்கும் புரியல. சமமாப் போச்சு" என்றார்.

இரண்டு வாரம் பங்கில் அப்படியோர் அமைதி. மூன்றாவது வாரம் தமிழ்க்காரர்களும் கன்னடக்காரர்களும் தோளோடு தோள் நின்று, ஒரே வேனில் ஏறிப் போய், மேலிடத்தில் அவர் மேல் புகார் சொல்லிவிட்டு வந்தார்கள். திரும்பும் வழியில் எல்லாருமாக ஒரே ஓட்டலில் தோசை சாப்பிட்டார்களாம்.

"அவங்கள ஒண்ணு சேத்தது யாரு? நான்தான்" என்று அவர் இன்றைக்கும் சொல்லிக்கொள்வார்.

மேலிடம் கண்டித்தது. அவர் கேட்கவில்லை. கீபோர்டைப் பூட்டி வைத்தார். கைதட்டிப் பாடினவர்களை வெளியே நிறுத்தினார். கடைசியில் பங்கை விட்டு எடுத்தார்கள். அதே தகரப் பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தார். லூயிசாவின் கணவர் காலமாகி விட்டிருந்தார். மகள் மமதா காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்புகிறவள். பகலெல்லாம் சும்மா கிடந்த முன்னறையில் பீடம் ஏறியது.

லூயிசா ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கே பங்குக் கோயிலுக்குப் போய் முழுப் பூசையும் கண்டுவிட்டு, வீட்டுக்கு வந்து இட்லியை அடுப்பில் வைத்துவிட்டு, தம்பியின் லத்தீன் பூசையிலும் முட்டி போடுவாள். "ஒண்ணு எனக்கு, ஒண்ணு அவனுக்கு" என்பாள்.

லத்தீன் பூசைக்கு ஆரம்பத்தில் முன்னறை நிறைய ஆள் வந்தது. புதுமை தீர்ந்ததும் கரைந்து, கடைசியில் நிலைத்தவர் ராஜப்பா ஒருவர்தான். ராஜப்பா சுரங்க ஷாஃப்டின் வாயில் நின்று கேஜுக்கு மணி அடித்தவர். மூன்று தரம் மணி அடித்தால் ஆள் ஏறுகிறான், பார்த்து இறக்கு என்று அர்த்தம். பூசையில் அப்பத்தை உயர்த்தும்போதும் மூன்று தரம் மணி. "இதுக்குன்னு தனியா கத்துக்கத் தேவையே இல்ல சாமி, கையே அடிச்சிடுது" என்று சொல்லி முதல் நாளே உபதேசியார் ஆகிவிட்டார். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவருக்குப் பேச ஆள் வேண்டியிருந்தது. டீக்கடையில் ஒன்பது மணிக்கு மேல் உட்கார விடமாட்டார்கள். இங்கே விட்டார்கள்.

ஜெயகரன் நேராக ரோமாபுரிக்கே எழுதிப் பார்த்தார். பதில் இல்லை. மறுபடி எழுதினார். அதற்கும் இல்லை.

"பதில் வரலன்னா இன்னா அர்த்தம்?" என்று ராஜப்பாவைக் கேட்டார்.

"வூட்ல ஆளில்லன்னு அர்த்தம், சாமி."

அவ்வளவுதான். ரோமாபுரியில் ஆசனம் காலி. காலி ஆசனத்தை நிரப்புவது விசுவாசம் உள்ளவர்களின் கடமை. விசுவாசம் உள்ளவர்கள் என்று எண்ணிப் பார்த்தால் ஜெயகரன், ராஜப்பா, மூன்றாவதாக லூயிசா. மமதாவைக் கேட்டபோது, "எனக்கு சனிக்கிழமையும் ஆபீஸ் கீது மாமா, ஆள விடுங்க" என்றுவிட்டாள்.

பொம்பளை ஓட்டுப் போடலாமா என்று ராஜப்பாவுக்கு ஒரு சந்தேகம். ஜெயகரன் ஒரு இரவு முழுக்க யோசித்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார்: "ஆபத்துக் காலத்துல பொம்பளையே ஞானஸ்நானம் குடுக்கலாம்னு சட்டம் கீது. அத விடவா இது பெருசு?"

"அந்தச் சீட்டக் கொடு, குக்கர் வெச்சிட்டு வந்திருக்கேன்" என்றாள் லூயிசா.

முன்னறைக் கதவைச் சாத்தினார்கள். ஆளுக்கொரு துண்டுச் சீட்டு. யார் பெயர் வேண்டுமானாலும் எழுதலாம். தன் பெயரை மட்டும் எழுதக்கூடாது. பழைய சட்டம் அப்படி என்று ஜெயகரனே வாசித்துக் காட்டினார். எழுதி மடித்து லூயிசாவின் ஹாட்பாக்ஸில் போட்டார்கள். எண்ணியபோது ஜெயகரனுக்கு இரண்டு, ராஜப்பாவுக்கு ஒன்று. மூன்றில் இரண்டு பங்கு. தேர்தல் செல்லும்.

"எனக்கு யாரு போட்டது!" என்று ராஜப்பா கூச்சத்தில் நெளிந்தார். அந்தக் கூச்சம் அன்று முழுக்க அவர் முகத்தில் இருந்தது. பார்க்க நன்றாகவும் இருந்தது.

சீட்டுகளை வெந்நீர் அடுப்பில் போட்டு, மேலே ஈரத் தைலமர இலையை அள்ளிப் போட்டார் ராஜப்பா. ரோமாபுரி வழக்கப்படி வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்பிக் கூரைக்கு மேல் போனது. மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து சுமாவின் குரல்: "லூயிசாக்கா, கொசுவுக்கா போடறீங்க? நம்ம வூட்டுப் பக்கமும் கொஞ்சம் வுடுங்க!"

பாப்பரசர்கள் புதுப் பெயர் வைத்துக்கொள்வது வழக்கம். முதல் பாப்பரசர் ராயப்பரின் பெயரை வைத்துக்கொள்ள அவருக்கே பயமாக இருந்தது. சூசையப்பர் தச்சு வேலை செய்தவர், கூலிக்காரர்களின் காவலர், இந்த ஊருக்குப் பொருத்தம். ராபர்ட்சன்பேட்டையில் பாண்டுரங்கன் டெய்லர் பள்ளிக்கூட யூனிஃபார்ம் துணியில் வெள்ளை அங்கி தைத்துக் கொடுத்தார். "பாக்கெட் வெக்கணுமா சாமி? மொபைல் எங்க வெப்பீங்க?" என்று அவர் கேட்டது நல்ல கேள்வி. உள்பக்கம் ஒன்று வைத்தார்கள்.

மோட்சத்தின் சாவிகள் இல்லாமல் பாப்பரசர் இல்லை. முன்னறைச் சுவரில், பீடத்துக்கு மேலே, இரண்டு ஆணியில் இரண்டு சாவியைக் குறுக்காக மாட்டினார்கள். ஒன்று ராஜப்பா வேலையில் இருந்தபோது வைத்திருந்த லாக்கர் சாவி. இன்னொன்றுக்கு வேறு நல்ல நீளமான சாவி கிடைக்காததால், லூயிசாவின் பீரோ சாவி. லூயிசாவுக்குப் பீரோ திறக்க வேண்டும் என்றால் பூசை நடுவிலும் எழுந்து வந்து மோட்சத்தின் ஒரு சாவியைக் கழற்றிக்கொண்டு போவாள்.

ஆட்டோக்காரர்களுக்கு அந்த வீடு 'ரோம் வூடு' ஆனது. ராஜப்பா கர்தினால் ஆனார். ஆன வேகத்தில் மறைந்த தன் மனைவியைப் புனிதர் பட்டியலில் சேர்க்கச் சொல்லி மனு போட்டார்.

"ரெண்டு அற்புதம் காட்டணும், ராஜப்பா."

"முப்பது வருசம் என்னோட குடும்பம் நடத்தினா. இது ஒண்ணு."

"ரெண்டாவது?"

"சாகற வரைக்கும் அத ஒரு தரம் கூட சொல்லிக் காட்டல, சாமி."

மனு இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

பங்குக் கோயிலுக்கு வந்த இளைய சாமியார் ஏனோக், கிடார் வாசிக்கத் தெரிந்தவர் என்று கேள்விப்பட்டதும் முதலாம் சூசையப்பர் அவரைத் திருச்சபையை விட்டு விலக்கி வைத்தார். வாசலில் நின்று, தெருவில் போகிற எல்லாருக்கும் கேட்கும்படி லத்தீனில் வாசித்தார். அந்த நேரம் ஏனோக் ஸ்கூட்டரில் அந்த வழியாகவே வந்தார். தன்னைத்தான் வாழ்த்துகிறார்கள் என்று நினைத்துக் கையை ஆட்டிவிட்டுப் போனார்.

இப்படியே போயிருக்கும். நடுவில் அவருக்கு எர்ணியா வந்தது.

பீடக்கல்லைத் தனியாக நகர்த்தப் போய் வந்த வினை. பூசையில் கையைத் தூக்கும்போது ஒரு கைதான் மேலே போகும், இன்னொரு கை அடிவயிற்றைப் பிடித்துக்கொள்ளும். டாக்டர் பார்த்துவிட்டு, சீக்கிரம் ஆபரேஷன் செய்யாவிட்டால் குடல் சிக்கிக்கொள்ளும், அப்புறம் உயிருக்கே ஆபத்து என்று பயமுறுத்தினார். லூயிசா நாள் குறிக்கப் போனாள். ஜெயகரன் தடுத்தார்.

"பாவசங்கீர்த்தனம் பண்ணாம நான் டேபிள்ல படுக்க மாட்டேன்."

"எல்லாரும் படுக்கறாங்களே."

"மயக்கத்துலயே செத்துட்டா?"

"செத்தா நேரா மோட்சத்துக்குப் போ. சாவி உங்கிட்டதானே கீது. பீரோ சாவிய மட்டும் வெச்சிட்டுப் போ."

அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் லூயிசாவுக்கு உறைத்தது, இவன் நிஜமாகவே பயந்திருக்கிறான் என்று.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அது அவருக்கு மட்டும்தான் தெரியும். அன்று ஹாட்பாக்ஸில் விழுந்த மூன்று சீட்டில், அவர் தன் சீட்டில் எழுதியது தன் பெயரையே. எழுதக்கூடாது என்று சட்டத்தை வாசித்த வாய் மூடுவதற்குள் கை எழுதிவிட்டது. ராஜப்பாவை நம்பலாம், அக்காவை நம்ப முடியாது, கோபத்தில் சுமா பெயரைக் கூட எழுதிவைப்பாள் என்று தோன்றியிருந்தது. சீட்டு எரிந்து புகையாகப் போய்விட்டது. ஆனால் மூன்று வருஷமாக ஒவ்வொரு பூசையிலும் 'என் பாவமே' என்று மார்பில் அடித்துக்கொள்ளும்போது அந்தச் சீட்டு ஞாபகம் வந்தது. இதை யாரிடமாவது சொல்லி மன்னிப்பு வாங்காமல் சாக அவர் தயாராக இல்லை. சொல்வதற்கு ஒரு குரு வேண்டும். அவரோ எல்லாக் குருக்களையும் விலக்கி வைத்திருந்தார். தன்னைத் தானே மன்னித்துக்கொள்ளப் பாப்பரசராலும் முடியாது.

"ராஜப்பாவ சாமியார் ஆக்கிடு, அவர்கிட்ட சொல்லு" என்றாள் லூயிசா.

ராஜப்பா இரண்டு கையையும் ஆட்டினார். "வேணாம்மா. எங்கிட்ட ஒண்ணு சொன்னா மத்தியானத்துக்குள்ள பாலகாட் மைன்ஸ் வரைக்கும் போயிடும். எனக்கே தெரியும்."

"குருப்பட்டம் குடுக்க ஆயர் வேணும், பிஷப்பு" என்றார் ஜெயகரன், தரையைப் பார்த்துக்கொண்டே.

"நீங்க ஆயருக்கு மேல ஆச்சே, சாமி?"

"மேலதான். ஆனா ஆயர் ஆகாமயே பாப்பு ஆயிட்டேன்."

ராஜப்பா யோசித்தார். "நடு லெவல்ல நிக்காம கேஜு நேரா ஏறிடுச்சி."

"பங்குக் கோயில்ல ஏனோக் ஃபாதர் கீறாரே" என்று லூயிசா ஆரம்பித்தாள்.

"அந்தக் கிடார்கிட்டயா? அதுக்கு நான் குடல் வெடிச்சே சாவேன்."

ஒரு வாரம் இப்படியே போனது. அவர் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு படுத்துக் கிடந்தார். வலி வரும்போது லத்தீனில் முனகினார். லூயிசாவுக்கு அந்த முனகலைக் கேட்கச் சகிக்கவில்லை. கடைசியில் மமதாதான் வழி சொன்னாள். "பெங்களூர்ல எங்க ஆபீஸ் பக்கத்துல பெரிய கோயில் ஒண்ணு கீது. யாருக்கும் மாமாவத் தெரியாது. ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம், காலைலருந்து பாவசங்கீர்த்தனம் கேப்பாங்க. சனிக்கிழமை லேட்டா வர்றேன்னு ஆபீஸ்ல சொல்லிட்டு நானே கூட்டிக்கினு போறேன். சிம்பிள்."

அங்கியில் போக முடியாது. லூயிசா இறந்த கணவரின் பேன்ட்டை எடுத்துக் கொடுத்தாள். அவர் நல்ல ஆகிருதி, ஜெயகரனோ கொடி மாதிரி ஒல்லி. பெல்ட் போட்டால் எர்ணியாவில் அழுத்தும். லூயிசா பாவாடை நாடாவை இரண்டாக மடித்துத் தோள் வழியாகக் கொண்டுபோய்ப் பேன்ட்டில் தைத்தாள். நாடா ரோஸ் கலர்.

"அசையாம நில்லுடா. குத்திடப் போவுது."

"திருத்தந்தைய 'டா' போடறே."

"ஊசி எங்கையில கீது."

ரயிலில் யாருக்கும் அடையாளம் தெரியாது என்று மமதா சொல்லியிருந்தாள். ஆனால் அது தினமும் வேலைக்குப் போகிறவர்களின் பெட்டி. பாதித் தங்கவயல் அதில்தான் உட்கார்ந்திருந்தது. சீட்டு ஆடிக்கொண்டிருந்தவர்கள் முதலில் பார்த்தார்கள்.

"இன்னா சாமி, ரோமுக்கா? இந்த வண்டி பெங்களூருக்கு மேல போவாதே!"

"பாப்பு மஃப்டியில கீறாரு, கண்டுக்காதீங்கப்பா!"

பட்டாணி உரித்துக்கொண்டிருந்த பெண்கள் இடம் விட்டார்கள். ஒருத்தி, மகனுக்கு விசா கிடைக்க வேண்டும், தலையில் கைவைத்து ஜெபியுங்கள் என்றாள். அவர் எழுந்து ஒரு கையை அவள் தலையில் வைத்தார். இன்னொரு கை பேன்ட்டைப் பிடித்திருந்தது. அதற்குப் பின்னால் வரிசை நின்றுவிட்டது. பங்காருபேட்டை தாண்டும்வரை ஆசீர்வாதம் நடந்தது. மூன்று வருஷத்தில் அவ்வளவு பேர் அவரிடம் வந்ததே இல்லை. இறங்கும்போது அவர் முகம் சிவந்து, வலியே மறந்துபோயிருந்தது.

பெரிய கோயிலில் நான்கைந்து இடத்தில் பாவசங்கீர்த்தனம் நடந்துகொண்டிருந்தது. மற்ற இடங்களில் சாமியாரும் ஜனங்களும் நேருக்கு நேர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே ஒரு மூலையில் மட்டும் பழைய மரக்கூண்டு, நடுவில் வலைக்கம்பி. ஜெயகரன் அதைத்தான் காட்டினார். நல்ல வரிசை. மமதா பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அவர் முறை வந்தது. உள்ளே முட்டி போட்டுக் கணீரென்று லத்தீனில் ஆரம்பித்தார். இரண்டு வரி வந்திருக்கும். நின்றுவிட்டது.

"நீயா?" என்று, வலைக்கம்பி வழியாக முகத்தைக் கண்டுகொண்ட ஜெயகரனின் குரல் கேட்டது.

"நானேதான், சாமி" என்றது வலைக்கம்பிக்கு அந்தப் பக்கத்துக் குரல். தங்கவயல் பங்குச் சாமியார் ஏனோக்கின் குரல்.

மமதா உடனே எழுந்து கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். அதற்கு மேல் கேட்பது பாவம். ஓடி வந்துவிடுவார் என்று நினைத்தாள். வரவில்லை. பிறகு கூண்டுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. முதலில் ஒருவர், அப்புறம் இரண்டு பேரும். வரிசையில் நின்ற ஒரு கிழவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "உள்ள இன்னா சினிமாவா காட்டறாங்க? நாங்கல்லாம் அழுதுகினு வந்து நிக்கறோம்" என்றாள்.

வெளியே வந்தவர் மமதாவிடம் சொன்னது ஒன்றுதான்: "அம்மாக்கு போன் போடு. ஆபரேஷனுக்கு நாள் கேக்கச் சொல்லு." பிறகு, "பசிக்குது" என்றார். அவள் ஆபீஸை மறந்து, அவருக்கு மசால் தோசை வாங்கிக் கொடுத்து, அடுத்த ரயிலில் தானே கூட்டிக்கொண்டு வந்தாள்.

வீட்டில் லூயிசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"தபசு காலத்துல சாமியாருங்க பங்கு மாறி உக்காருவாங்கன்னு உனக்குத் தெரியாதா? சொந்தப் பங்குச் சாமியார்கிட்ட சொல்ல ஜனங்க கூச்சப்படுவாங்கன்னு. நீயே எத்தினி ஊருக்குப் போயிருக்கே! இன்னிக்கி நம்ம கோயில்ல உக்காந்திருந்தது பெங்களூரு சாமியாரு ஒருத்தரு, ஆந்திராக்காரரு ஒருத்தரு. ரெண்டு பேரும் உன்ன பாத்ததே இல்ல. நான் கூட போய்ச் சொல்லிட்டு வந்தேன். நடந்தே போயிருக்கலாம்!"

"மறந்துட்டேன்" என்றார் அவர். எந்தக் கோயிலிலிருந்தும் அவரைக் கூப்பிட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது.

ஈஸ்டர் முடிந்த வாரம் ஆபரேஷன் நடந்தது. ஒரு சிக்கலும் இல்லை. மறுநாள் ஏனோக் ஸ்கூட்டரில் ரொட்டிப் பாக்கெட்டோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டில் பக்கத்தில் காவல் இருந்த ராஜப்பா வாசலை மறித்துக்கொண்டு எழுந்தார். விலக்கி வைத்த ஆளோடு ஒரே அறையில் இருக்கக்கூடாது என்று சட்டம்.

"வாங்க ஃபாதர், உக்காருங்க" என்றார் ஜெயகரன் படுக்கையிலிருந்து.

'ஃபாதர்' என்ற சொல்லைக் கேட்டு ராஜப்பா நின்ற இடத்திலேயே நின்றார். அப்புறம் ஏனோக்குக்கு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

தையல் பிரித்து வீட்டுக்கு வந்த பிறகு ஒரு திங்கட்கிழமை. லூயிசா முன்னறையில் அங்கிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ராஜப்பா தரையில் உட்கார்ந்து பூசை மணியைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார். ஜெயகரன் நாற்காலியில் இருந்தார். லுங்கி, மேலே சால்வை.

"ரெண்டு பேரும் கேளுங்க. மன்னிப்பு மட்டும் போதாது, பரிகாரமும் பண்ணணும்னு ஏனோக் ஃபாதர் சொல்லிட்டாரு. அன்னிக்கு என் ஓட்ட நானே எனக்குப் போட்டுக்கினேன்."

இஸ்திரிப் பெட்டி நின்றது.

"இதுக்கா பெங்களூரு வரைக்கும் போனே?" என்றாள் லூயிசா.

"இது போதாதா? தனக்குத் தானே போட்டுக்கற ஓட்டு செல்லாது. என்னுத அடிச்சிட்டா எனக்கு ஒண்ணு, ராஜப்பாக்கு ஒண்ணு."

ராஜப்பா மணியைத் துலக்குவதை விடவில்லை. "நான் உங்களுக்குத்தான் போட்டேன், சாமி."

"சத்தியமா?"

"கையில பூசை மணி கீது. இது மேல சத்தியம் பண்ணச் சொல்றீங்களா?" என்றார் ராஜப்பா. ஆனால் பண்ணவில்லை. துலக்கின பக்கத்தையே மறுபடி துலக்கினார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

ஜெயகரன் அவரைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"ராஜப்பா சொல்றது நெசம்னா, அக்கா, நீ ராஜப்பாவுக்குப் போட்டிருக்கே. ஒண்ணுக்கு ஒண்ணு. நான் பாப்பு இல்ல, இந்த அங்கி வேணாம், மடிச்சி எடுத்து வெச்சிடு. நீ எனக்குப் போட்டிருந்தா..." அவர் நிறுத்தினார். போட்டிருந்தால், ராஜப்பா தன் பெயரைத் தானே எழுதிக்கொண்டார் என்று ஆகும். அதை அவர் சொல்லவில்லை. மணியைத் துலக்கும் கை நின்றுவிட்டது.

சுமா வீட்டில் குக்கர் கத்தியது. லூயிசா இஸ்திரியின் பிளக்கைப் பிடுங்கினாள். அங்கியின் முதுகுப்பக்கத்தை விரித்துப் பார்த்தாள். தடம் எதுவும் இல்லை. கையை மடித்து, காலரைத் திருப்பி, நான்காக மடித்தாள்.

"யாருக்குப் போட்டே, அக்கா?"

தம்பி இடுப்பில் இருந்தபோது எதையாவது கேட்டு அழுவானே, அந்தக் குரல். ராஜப்பா தலையை நிமிர்த்தவில்லை.

லூயிசா பீடத்துக்கு மேலே எட்டி, சுவரில் குறுக்காக மாட்டியிருந்த இரண்டில் பீரோ சாவியைக் கழற்றினாள். மடித்த அங்கியைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய், பீரோவில் வைத்துப் பூட்டினாள்.